சாளரத்தின் பின்னணியில் ஒரு படம்

க.பொ.த. (சா/த) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்
பிரயோகச் சாளரமும் பின்னணிப் படமும்



"சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்" என்பது நீங்கள் அறிந்த பழமொழி. கணினித் திரையில் பின்னணிப் படம் இடும்போது இப்பழமொழி சற்றுத் திரும்பி நிற்கிறது. அங்கே சித்திரம்தான் சுவர். அச்சுவரின் மேல்தான் எழுத்துகளும், பெட்டிகளும், பொத்தான்களும் வந்து அமர்கின்றன. ஆகவே பின்னணிப் படம் தன்னளவில் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. அதன் மேல் இருப்பதைத் தெளிவாக வாசிக்க முடிகிறதா என்பதே முதலாவது கேள்வி.

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,

• பிரயோகச் சாளரம் ஒன்றுக்குப் பின்னணிப் படம் இடும் படிமுறைகளைக் கூறுவீர்கள்.
• படத்தின் அளவையும் சாளரத்தின் அளவையும் ஒப்பிட்டுக் கணிப்பீர்கள்.
• படக்கோப்பு எங்கே சேமிக்கப்படுகிறது என்பதன் முக்கியத்துவத்தை விளக்குவீர்கள்.
• வாசிக்கத்தக்க பின்னணி எது, வாசிக்கத்தகாத பின்னணி எது எனக் காரணத்துடன் வேறுபடுத்துவீர்கள்.

1. பின்னணிப் படம் என்றால் என்ன?

இரண்டு வகையான பின்னணிகளை முதலில் வேறுபடுத்திக் கொள்ளுங்கள்.

முதலாவது, கணினியை இயக்கியவுடன் தோன்றும் மேசைத்தளத்தின் பின்னணி. இதனை இடுவது பணிச்செயல் முறைமை. உலகில் மிக அதிகமானோர் பார்த்த பின்னணிப் படங்களுள் ஒன்று, 2001 ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்த பச்சைக் குன்றும் நீல வானமும் ஆகும். "பிளிஸ்" எனப் பெயரிடப்பட்ட அப்படம் வரையப்பட்டதன்று. சார்ள்ஸ் ஓரியர் என்னும் புகைப்படக் கலைஞர் 1996 இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் எடுத்த புகைப்படம் அது. அந்தக் குன்று உண்மையில் திராட்சை பயிரிடும் நிலம். பூச்சித் தாக்கத்தால் கொடிகள் அகற்றப்பட்டிருந்த காலத்தில் அங்கே புல் வளர்ந்திருந்தது. 1869 முதல் பரவிய இலைநோயால் கோப்பி அழிந்து, அதன் இடத்தில் தேயிலை வந்ததால்தான் நமது மலைகள் இன்று பச்சையாகத் தெரிகின்றன என்பதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதே போன்ற ஒரு கதைதான் அந்தக் குன்றுக்கும்.

அப்படம் பின்னணிக்குப் பொருத்தமாக அமைந்ததற்குக் காரணம் உண்டு. அதில் வீடு இல்லை, மனிதர் இல்லை, சிறு சிறு விவரங்கள் இல்லை. பெரும் பரப்பில் மெதுவாக மாறும் இரண்டு மூன்று நிறங்கள் மட்டுமே உள்ளன. அப்படி இருந்தும் சின்னங்களின் கீழிருந்த வெள்ளை எழுத்துகளுக்கு ஒரு கருநிழல் சேர்க்கப்பட்டிருந்தது. எவரேனும் வேறு படத்தை இட்டாலும் எழுத்து மறையக்கூடாது என்பதே அதன் பயன்.

இரண்டாவது, ஒரு பிரயோக மென்பொருளின் சாளரத்துக்குள் தோன்றும் பின்னணி. இதனை இடுபவர் அந்த மென்பொருளை உருவாக்குபவர், அதாவது நீங்கள். இப்பாடத்தில் நாம் கற்பது இதனையே.

2. நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம்

நல்லதண்ணியில் இருக்கும் ஒரு மாணவி, தேயிலைக் கொழுந்தின் நிறையைப் பதிவதற்குச் சிறிய மென்பொருள் ஒன்றை உருவாக்குகிறாள் எனக் கொள்வோம். அவள் இரண்டு சாளரங்களை அமைக்கிறாள்.

சாளரம் 1: வரவேற்புச் சாளரம். இதில் மென்பொருளின் பெயரும் "தொடங்கு" என்னும் ஒரு பொத்தானும் மட்டும் உண்டு.

சாளரம் 2: பதிவுச் சாளரம். இதில் தொழிலாளியின் பெயர், காலை நிறை, மாலை நிறை, கழிவு, மொத்தம் ஆகியன உண்டு.

இரண்டுக்கும் பின்னணியாக, நல்லதண்ணியிலிருந்து தெரியும் சிவனொளிபாத மலையின் விடியற்காலைப் புகைப்படத்தை இட அவள் விரும்புகிறாள். 2243 மீற்றர் உயரமான அம்மலையின் கூம்பு வடிவத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அந்த வடிவம் பின்வரும் கணிப்புகளை விளங்கிக்கொள்ள உதவும்.

3. பின்னணிப் படம் இடும் படிமுறைகள்

விசுவல் ஸ்டூடியோவில் விசுவல் பேசிக் மொழியில் விண்டோஸ் படிவச் செயற்றிட்டம் ஒன்றைத் திறந்துள்ளீர்கள் எனக் கொள்க. ஒரு வரி நிரல் கூட எழுதாமல் பின்னணிப் படத்தை இடலாம்.

படி 1: படிவத்தின் வெறுமையான பகுதியில் ஒரு முறை சொடுக்குக. பொத்தான் மீதோ சிட்டை மீதோ சொடுக்கினால் அதன் பண்புகளே காட்டப்படும். கவனம்.

படி 2: எப்4 விசையை அழுத்திப் பண்புகள் சாளரத்தைத் திறக்குக.

படி 3: "பேக்கிரவுண்ட் இமேஜ்" என்னும் பண்பைத் தெரிவு செய்து, அதன் வலப்பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிப் பொத்தானைச் சொடுக்குக.

படி 4: தோன்றும் பெட்டியில் செயற்றிட்ட வளக் கோப்பைத் தெரிவு செய்து, "இம்போர்ட்" என்பதைச் சொடுக்கிப் படக்கோப்பைச் சேர்த்து, "ஓகே" கொடுக்குக.

படி 5: "பேக்கிரவுண்ட் இமேஜ் லேஅவுட்" என்னும் பண்பில் பொருத்தமான பெறுமானத்தைத் தெரிவு செய்க.

படி 6: எப்5 விசையை அழுத்தி இயக்கிப் பார்க்குக. சாளரத்தின் ஓரத்தைப் பிடித்துப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்க்குக.

பெரிதாக்கும்போது படம் மினுக்கினால் படிவத்தின் "டபிள் பஃபர்ட்" என்னும் பண்பை "ட்ரூ" என மாற்றுக. அப்போது படம் முதலில் நினைவகத்தில் முழுமையாக வரையப்பட்டு, பின்னர் ஒரே தடவையில் திரைக்கு வரும்.

குறிப்பு: 1998 இல் வெளிவந்த விசுவல் பேசிக் 6.0 இல் இப்பண்பின் பெயர் "பிக்சர்" ஆகும். அதில் படம் தன் உண்மை அளவிலேயே இடது மேல் மூலையிலிருந்து தோன்றும். சாளரத்துக்கேற்ப விரியாது. பிஎன்ஜி வகைக் கோப்புகளையும் அது ஏற்காது. அம்மென்பொருளுக்கான மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஆதரவு 2008 ஏப்ரலில் முடிவுற்றது. பழைய வழிகாட்டி நூல்களில் இப்பெயரைக் கண்டால் குழம்ப வேண்டாம்.

4. படமும் சாளரமும் அளவில் பொருந்துதல்

படம் என்பது படப்புள்ளிகளால் ஆனது. 1600 × 1200 எனின், அகலத்தில் 1600 புள்ளிகளும் உயரத்தில் 1200 புள்ளிகளும் உள்ளன. சாளரத்தின் உட்பரப்பும் புள்ளிகளாலேயே அளக்கப்படும். இரண்டும் ஒரே அளவாக இருப்பது அரிது. அப்போது என்ன செய்வது என்பதையே படி 5 இல் நாம் தெரிவு செய்கிறோம். தெரிவுகள் ஐந்து.

(அ) நன்: படம் தன் உண்மை அளவில் இடது மேல் மூலையிலிருந்து தோன்றும். மிகுதி வெட்டுப்படும்.

(ஆ) டைல்: தரையில் ஓடு பதிப்பது போல ஒரே படம் மீண்டும் மீண்டும் அடுக்கப்படும். நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் இதுவே செயற்படும். சிறிய படத்தை இட்டவுடன் திரையில் ஒன்பது மலைகள் தெரிவதற்குக் காரணம் இதுவே.

(இ) சென்டர்: படம் தன் உண்மை அளவில் நடுவில் தோன்றும். சாளரத்தை விடப் படம் சிறிதாக இருக்கும்போது பொருத்தமானது.

(ஈ) ஸ்ட்ரெச்: அகலமும் உயரமும் தனித்தனியே சாளரத்துக்கு ஏற்ப இழுக்கப்படும். வெற்றிடம் இராது. ஆனால் விகிதம் கெடும்.

(உ) சூம்: விகிதம் கெடாமல், முழுப்படமும் தெரியும் வகையில் அளவு மாறும். ஓரங்களில் வெற்றிடம் வரலாம்.

உதாரணக் கணிப்பு:

படம் 1600 × 1200. சாளரத்தின் உட்பரப்பு 800 × 450.

ஸ்ட்ரெச் எனின்,
அகல விகிதம் = 800 ÷ 1600 = 0.5
உயர விகிதம் = 450 ÷ 1200 = 0.375
இரண்டும் சமமல்ல. அகலம் பாதியாகக் குறைய, உயரம் பாதியை விட மேலும் குறைகிறது. எனவே சிவனொளிபாத மலை தட்டையாகி, ஏதோ ஒரு மேடு போலத் தெரியும். பார்ப்பவர் அதை அடையாளம் காண மாட்டார்.

சூம் எனின்,
இரண்டு விகிதங்களுள் சிறியதான 0.375 எடுக்கப்படும்.
அகலம் = 1600 × 0.375 = 600
உயரம் = 1200 × 0.375 = 450
சாளரத்தின் அகலம் 800 ஆதலால் 200 புள்ளிகள் எஞ்சும். இடப்பக்கம் 100, வலப்பக்கம் 100 வெற்றிடமாகும். மலை மலையாகவே இருக்கும். அவ்வெற்றிடத்துக்குப் படத்தின் ஓர நிறத்தை ஒத்த நிறத்தைப் படிவத்தின் "பேக் கலர்" பண்பில் கொடுத்தால் குறை தெரியாது.

இன்னும் நல்ல வழி, படத்தை இடுவதற்கு முன்னரே கிம்ப் போன்ற மென்பொருளில் சாளரத்தின் விகிதத்துக்கு வெட்டிக் கொள்வதாகும். தைத்த பின் சட்டையை இழுப்பதை விட, அளந்து வெட்டித் தைப்பது மேல் அல்லவா?

5. கோப்பின் அளவு வேறு, நினைவகத்தில் பிடிக்கும் இடம் வேறு

இது மாணவர்கள் பெரிதும் தவறவிடும் பகுதி.

கையடக்கத் தொலைபேசியில் எடுத்த 3264 × 2448 அளவுள்ள ஒரு படத்தை எடுத்துக்கொள்க. ஜேபெக் வகையில் சேமித்தால் அது வன்தட்டில் சில மெகாபைற்றுகளே இடம் பிடிக்கும். நெருக்கல் செய்யப்பட்டிருப்பதே காரணம். ஆனால் திரையில் காட்டும்போது நெருக்கல் நீக்கப்பட்டு, ஒவ்வொரு புள்ளியின் நிறமும் நினைவகத்தில் விரித்து வைக்கப்பட வேண்டும். 24 பிற்று நிறம் எனின் ஒரு புள்ளிக்கு 3 பைற்று.

3264 × 2448 × 3 = 23,970,816 பைற்று
இது ஏறத்தாழ 22.9 மெகாபைற்று.

அதே படத்தை 640 × 480 ஆகச் சிறிதாக்கினால்,
640 × 480 × 3 = 921,600 பைற்று = 900 கிலோபைற்று.

சிறிய சாளரம் ஒன்றில் இரண்டுக்கும் இடையில் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் நினைவகம் குறைந்த பழைய கணினியில் முதலாவது சாளரம் தயங்கித் தயங்கித் திறக்கும். சாளரம் கேட்கும் அளவுக்கே படம் கொடுங்கள்.

கோப்பு வகைகளையும் நினைவில் வைத்திருங்கள். புகைப்படத்துக்கு ஜேபெக் பொருத்தம். நெருக்கலின்போது சிறிதளவு தரவு இழக்கப்படும். கோடுகளும் எழுத்துகளும் கொண்ட படத்துக்கு பிஎன்ஜி பொருத்தம். தரவு இழக்கப்படாது. ஜிஐஎப் வகையில் ஒரு படத்துக்கு 256 நிறங்களே கிடைக்கும் என்பதால் விடியற்கால வானம் பட்டை பட்டையாகத் தெரியும். பிஎம்பி வகை வழமையாக நெருக்கல் செய்யப்படாதது. ஆகையால் கோப்பு பெரிது.

6. படம் எங்கே இருக்கிறது?

படத்தை இணைப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது வழி, படம் இருக்கும் பாதையை நிரலில் எழுதுவது. உதாரணமாக, "டி இயக்ககத்தில் படங்கள் என்னும் கோப்புறையில் உள்ள மலை என்னும் கோப்பைத் திற" எனக் கட்டளையிடுவது. உங்கள் கணினியில் அது சரியாக வேலை செய்யும். மென்பொருளைப் பென் டிரைவில் பிரதி செய்து பாடசாலைக் கணினியில் திறந்தால், அங்கே அந்தக் கோப்புறை இல்லை. நிரல் வழுச்செய்தி காட்டி நிற்கும். ஆசிரியர் முன்னிலையில் செயற்றிட்டத்தைக் காட்டும் நாளில் இவ்வாறு நேர்ந்தால் உழைப்பு முழுவதும் வீணாகத் தெரியும்.

இரண்டாவது வழி, நாம் மேலே படி 4 இல் செய்தது. படம் செயற்றிட்டத்தின் வளங்களுள் ஒன்றாகச் சேர்ந்து, தொகுக்கும்போது இயங்கு கோப்புக்குள்ளேயே பொதியப்படுகிறது. இயங்கு கோப்பு போகும் இடமெல்லாம் படமும் போகும்.

அப்படியாயின் முதலாவது வழி ஒருபோதும் வேண்டாமா? வேண்டும். பயனர் தாமே பின்னணியை மாற்ற வசதி செய்ய விரும்பினால் பாதை தேவைப்படும். அப்போதும் "டி இயக்ககம்" என நிலையான பாதையை எழுதாமல், மென்பொருள் இருக்கும் கோப்புறையிலிருந்து தேடும்படி எழுத வேண்டும். கோப்பு இல்லாவிட்டால் வெறும் நிறத்தைக் காட்டும்படியும் எழுத வேண்டும்.

இன்னொரு விடயம். இணையத்தில் கண்ட படத்தையெல்லாம் எடுத்து இடக்கூடாது. படத்துக்கு உரிமையாளர் உண்டு. "பிளிஸ்" படத்தின் உரிமையைக் கூட மைக்ரோசாப்ட் நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் பணம் கொடுத்தே பெற்றுக்கொண்டது. உங்கள் ஊரின் மலையை நீங்களே படம் எடுப்பது எல்லா வகையிலும் நன்று.

7. படத்தின் மேல் எழுத்து

இப்போது பாடத்தின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம்.

விடியற்காலைப் படத்தில் மேற்பாதி ஒளி மிகுந்த வானம், கீழ்ப்பாதி இருண்ட மலைச்சரிவு. அதன் மேல் கறுப்பு எழுத்தை இட்டால் சரிவில் மறையும். வெள்ளை எழுத்தை இட்டால் வானத்தில் மறையும். எந்த நிறத்தைத் தெரிவு செய்தாலும் பாதிச் சாளரம் வாசிக்க முடியாது.

தமிழ் எழுத்துக்கு இங்கே ஒரு தனிப்பட்ட இடர் உண்டு. நம் எழுத்துகளில் ஒரு சிறு புள்ளியும் ஒரு சிறு சுழியும் ஒலியையே மாற்றி விடும். "கொடு" என்பதற்கும் "கோடு" என்பதற்கும் உள்ள வேறுபாடு கொம்பின் ஒரு சுழி மட்டுமே. "படி" என்பதன் மேல் ஒரு வளைவு சேர்ந்தால் "பிடி". தேயிலைச் செடிகளின் இலைகள் பொடிப் பொடியாகத் தெரியும் படத்தின் மேல் இவ்வெழுத்துகளை இட்டால், எது மெய்யெழுத்தின் புள்ளி, எது இலையின் ஒளி எனக் கண் தடுமாறும்.

இலக்கங்களில் இது இன்னும் பாரதூரமானது. ஒரு நாளுக்குக் குறித்த நிறை 18 கிலோ எனக் கொள்வோம். பதிவுச் சாளரத்தில் 18 என இருப்பதை, பின்னணியின் குழப்பத்தால் ஒருவர் 13 என வாசித்து விட்டால் என்ன நடக்கும்? முழுப்பேர் அரைப்பேராகி விடும். அந்த நிறையைச் சுமந்து வந்தவர் உங்கள் அம்மாவாக, அக்காவாக, பக்கத்து லயத்து அத்தையாக இருக்கலாம். கொழுந்து சரியாக இருந்தது, தராசும் சரியாக இருந்தது, கணிப்பும் சரியாகவே நடந்தது. ஆயினும் அலங்காரத்துக்காக இட்ட ஒரு படம் ஒரு நாட் கூலியின் பாதியைக் கொண்டு போய்விட்டது. மென்பொருளை உருவாக்குபவர் ஏன் கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாட்டை எண்ணால் அளக்கலாம். வெள்ளையின் மேல் கறுப்பு 21:1. இதுவே உச்சம். 2008 இல் வெளியிடப்பட்ட இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டி, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 ஆவது இருக்க வேண்டும் எனக் கூறுகிறது. இணையத்துக்கென எழுதப்பட்டாலும் கண் ஒன்றே என்பதால் நமது சாளரத்துக்கும் அது பொருந்தும்.

தீர்வுகள் மூன்று.

தீர்வு 1: படத்தை வெளிறச் செய்தல். கிம்ப் மென்பொருளில் படத்தின் மேல் வெள்ளைப் படலம் ஒன்றைச் சேர்த்து, அதன் ஒளிபுகாமையை 70% ஆக வைக்குக. புதிய பெறுமானம் பின்வருமாறு அமையும்.

புதியது = (பழையது × 0.3) + (255 × 0.7)

மிக இருண்ட புள்ளி (0) ஏறத்தாழ 179 ஆகும். மிக ஒளியான புள்ளி (255) 255 ஆகவே இருக்கும். அதாவது 0 முதல் 255 வரை பரந்திருந்த படம் 179 முதல் 255 வரைக்குள் அடங்கி விடும். இப்போது கறுப்பு எழுத்தை எங்கே வைத்தாலும் வேறுபாடு சுமார் 10:1 இற்குக் குறையாது. மலையின் வடிவமும் மெல்லிதாகத் தெரியும்.

தீர்வு 2: எழுத்தின் கீழே ஒரே நிறப் பலகை ஒன்றை வைத்தல். படிவத்தில் "பேனல்" கட்டுப்பாடு ஒன்றை இட்டு, அதற்கு வெள்ளை நிறம் கொடுத்து, சிட்டைகளையும் உரைப்பெட்டிகளையும் அதற்குள் அமைக்குக. படம் பலகையைச் சுற்றித் தெரியும். கோலம் போடும் முன் வாசலைக் கூட்டித் தெளிப்பது போன்றது இது.

தீர்வு 3: சிட்டையின் பின்னணியைத் தேவைக்கேற்பத் தெரிவு செய்தல். சிட்டையின் "பேக் கலர்" பண்பை "ட்ரான்ஸ்பேரன்ட்" என மாற்றினால் அதன் ஊடாகப் படிவத்தின் படம் தெரியும். தலைப்பு போன்ற பெரிய எழுத்துக்கு இது அழகு. உரைப்பெட்டிக்கு இவ்வசதி இல்லை. அது தன் நிறத்தை வைத்துக்கொண்டே இருக்கும். இதனை ஒரு குறையாக எண்ண வேண்டாம். எண்ணைப் பதியும் இடம் வெள்ளையாக இருப்பதே நல்லது.

இனி நமது மாணவியின் மென்பொருளுக்குத் திரும்புவோம். வரவேற்புச் சாளரத்தில் பெரிய எழுத்தில் ஒரு பெயரும் ஒரு பொத்தானும் மட்டுமே உள்ளன. அங்கே மலையின் படத்தைச் சூம் முறையில் முழு அழகுடன் இடலாம். பதிவுச் சாளரத்திலோ பெயர்களும் இலக்கங்களும் நிறைந்துள்ளன. அங்கே படம் வேண்டாம். ஒரே வெளிர் நிறம் போதும். பின்னணிப் படம் இடத் தெரிந்தவர், அதை எங்கே இடக்கூடாது என்பதையும் தெரிந்திருக்க வேண்டும்.

நினைவிற் கொள்க

• எதையும் மாற்றாவிட்டால் படம் டைல் முறையில் அடுக்கப்படும்.
• ஸ்ட்ரெச் விகிதத்தைக் கெடுக்கும். சூம் விகிதத்தைக் காக்கும்.
• நினைவக அளவு (பைற்று) = அகலம் × உயரம் × நிற ஆழம் (பிற்று) ÷ 8
• படத்தை வளமாகச் சேர்த்தால் வேறு கணினியிலும் தெரியும்.
• எழுத்தும் இலக்கமும் நிறைந்த சாளரத்துக்கு ஒரே நிறமே சிறந்த பின்னணி.

பயிற்சி வினாக்கள்

1. 1024 × 768 அளவும் 24 பிற்று நிற ஆழமும் கொண்ட படம் நினைவகத்தில் பிடிக்கும் இடத்தை மெகாபைற்றில் கணிக்குக.

2. 1600 × 900 அளவுள்ள படம், 800 × 600 உட்பரப்புள்ள சாளரத்தில் சூம் முறையில் இடப்படுகிறது. திரையில் தோன்றும் படத்தின் அளவையும் வெற்றிடம் அமையும் பக்கங்களையும் தருக.

3. மாணவன் ஒருவனின் மென்பொருள் வீட்டுக் கணினியில் பின்னணிப் படத்தைக் காட்டுகிறது. பாடசாலைக் கணினியில் வழுச்செய்தி காட்டுகிறது. பொருத்தமான காரணம் ஒன்றையும் தீர்வு ஒன்றையும் எழுதுக.

4. பொதுமக்கள் பயன்படுத்தும் பதிவுச் சாளரம் ஒன்றில் தெளிவற்ற பின்னணிப் படம் இருப்பதால் ஏற்படக்கூடிய பாதிப்பு ஒன்றை உங்கள் சூழலிலிருந்து உதாரணம் தந்து விளக்குக.

விடைகள்

1. 1024 × 768 × 24 ÷ 8 = 2,359,296 பைற்று. 1024 ஆல் இரு முறை வகுக்க 2.25 மெகாபைற்று.

2. விகிதங்கள் 0.5, 0.667. சிறியது 0.5. படத்தின் அளவு 800 × 450. மேலே 75, கீழே 75 புள்ளிகள் வெற்றிடம்.

3. காரணம்: படத்தின் பாதை நிரலில் நிலையாக எழுதப்பட்டுள்ளது. அக்கோப்புறை பாடசாலைக் கணினியில் இல்லை. தீர்வு: படத்தைச் செயற்றிட்ட வளமாகச் சேர்த்து மீண்டும் தொகுத்தல்.

4. இதற்கு ஒரே விடை இல்லை. மருந்தகம், தபாலகம், பஸ் நிலையம், கொழுந்து மடுவம் என நீங்கள் அன்றாடம் காணும் ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த எழுத்து அல்லது இலக்கம் தவறாக வாசிக்கப்படும், அதனால் யாருக்கு என்ன இழப்பு என இரண்டு வசனங்களில் எழுதுங்கள். பொதுவாக "பாதிப்பு ஏற்படும்" என எழுதி நிறுத்த வேண்டாம். யாருக்கு, எவ்வாறு என எழுதினால்தான் விடை முழுமையடையும்.